ஐம்பத்திரண்டு உருப்படியில் ஒரு குரங்கு

போன மாதம் என் பேரன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு நகராட்சிப் பூங்காவுக்குப் போனான். பழைய இரும்பில் ஒரு மயில் செய்து வைத்திருக்கிறார்கள், தாத்தா அவசியம் பார்க்க வேண்டும் என்றான். பார்த்தேன். தோகைக்கு மோட்டார் சைக்கிள் செயின், கழுத்துக்கு ஸ்பிரிங், கொண்டைக்கு ஸ்பேனர். நூற்றுப் பதினெட்டு வரை எண்ணிவிட்டேன். அதற்குள் காவலாளி வந்து, "பெருசு, கம்பியில சாயாதீங்க" என்று அதட்டினான். கணக்கு விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்தும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதைவிட எரிச்சல், மயில் முழுவதற்கும் நீலப் பெயிண்ட் அடித்து மூடியிருந்தார்கள். பழைய சாமானில் செய்த பொம்மை என்றால், ஒவ்வொரு துண்டும் முன்பு என்னவாக இருந்தது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டாமா? தெரியாவிட்டால் அது வெறும் மயில்.

என் வயதுக்காரர்களே, உங்களில் யாராவது இரண்டாம் உலகச் சண்டைக்குச் சில வருஷம் முந்திச் சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்திருந்தால், வாய்க்கால் ஓரத்தில் மூடியைத் தட்டிக்கொண்டு நின்ற ஒரு குரங்கைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி தப்பு. அதைச் செய்தது பாத்திரக்காரனும் அல்ல, மலையாளத்து மந்திரவாதியும் அல்ல. என் அத்தை.

எங்கள் வீடு தென்காசியில். மாடியில் ஏறினால் இடி விழுந்து பிளந்து கிடந்த மொட்டைக் கோபுரம் தெரியும். குற்றாலத்தில் எங்களுக்கு ஐந்து அறையில் ஓர் ஓட்டு வீடு இருந்தது. பின்னால் அருவித் தண்ணீர் ஓடும் வாய்க்கால். ஆனியிலிருந்து ஆவணி வரை நாலு அறையைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு விடுவோம். ஐந்தாவது அறையில் அத்தை தங்கி வீட்டைப் பார்த்துக்கொள்வாள். துணைக்கு நான். பள்ளிக்கூடத்துக்கு மாட்டு வண்டியில் போய் வருவேன். அப்பா தென்காசித் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிறு இருந்துவிட்டுப் போவார்.

அத்தை அப்பாவின் தங்கை. அவள் புருஷன் ஆலங்குளத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், காய்ச்சலில் போய்விட்டார். அத்தை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வெள்ளைச் சேலை நாலும் ஒரு பை ஆயுதமும் கொண்டுவந்தாள். குறடு இரண்டு, அரம் மூன்று, சுத்தியல் ஒன்று, பேரே தெரியாத சாமான் ஆறு. "இத எதுக்குட்டி தூக்கிட்டு வந்த?" என்று அப்பா கேட்டதற்கு, "சேலை மட்டும் எதுக்கு? அது மாதிரித்தான்" என்றாளாம். அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

தென்காசியில் அவளுக்குப் புழக்கடை வரைதான் உலகம். நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று தொழுவத்தை ஒட்டிய அறையில் இருப்பாள். குற்றாலத்தில் அவள் உலகம் அருவி வரை நீளும். விடியுமுன் குளித்துவிட்டு, ஈரத் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, செண்பகப் பூ வாசத்தோடு வருவாள். அந்த மூன்று மாதத்தில் அவள் நடையே வேறு.

அவள் பொம்மை செய்ய ஆரம்பித்ததும் குற்றாலத்தில்தான். சீசனுக்கு வருகிறவர்கள் விட்டுப்போகிற சாமான் கொஞ்சமா? கம்பி ஒடிந்த குடை, கழுத்து நெளிந்த தூக்கு, சாவி தொலைந்த பூட்டு, திரி ஏறாத அரிக்கன் விளக்கு. எண்ணெய்த் தூக்கு வயிறும் குடைக்கம்பிக் காலுமாக ஒரு கொக்கு செய்தாள். விளக்குத் தலையில் ஓர் ஆந்தை. எங்கள் தென்காசி வீட்டுப் பாக்குவெட்டியை வாயாக வைத்து ஒரு முதலை. வாலை அழுத்தினால் முதலை வாயைத் திறக்கும்.

"ஏன் மதினி, பாக்குவெட்டியைப் பாத்தியளா?" என்று அம்மா ஒரு வாரம் தேடினாள்.

"மொதலைக்குப் பல்லு மொளைக்குது மதினி. கொஞ்சம் பொறுங்க" என்றாள் அத்தை.

ஆணியடித்து இணைக்க முடியாததை ஈயம் பூசுகிறவர் பற்றவைத்துக் கொடுப்பார். அவர் வந்தால் நவச்சாரப் புகை மூக்கில் ஏறும். இருமிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இன்றைக்கும் அந்த வாடை எங்காவது வந்தால் என் கண் கலங்கும். புகையால்தான், வேறொன்றுமில்லை.

இனி குரங்குகளுக்கு வருகிறேன். குற்றாலத்துக் குரங்கைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தை அதைச் செய்ததற்கு முந்தின சீசனில் அவை எங்கள் ஓட்டில் எழுபதுக்கு மேல் உடைத்துவிட்டன. சாத்தூரிலிருந்து வந்த குடும்பத்தின் காபி பில்டரைத் தூக்கிக்கொண்டு ஒன்று புளியமரத்தில் ஏறியது. அடிப்பாகம் மட்டும் திரும்பி வந்தது. அவர்கள் பாதிச் சீசனில் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். பின்னால் யாரும் வரவில்லை.

"வர்ற வருசம் மட்டும் பாப்போம்" என்றார் அப்பா. "இப்படியே இருந்தா வீட்டப் பூட்டிற வேண்டியதுதான். நீயும் அங்கனயே தென்காசில இருந்துக்கிடலாம், என்ன?"

 அன்றிலிருந்து அத்தை குரங்குகளைக் கவனிக்க ஆரம்பித்தாள். தகரத்தைத் தட்டினால் முதல் நாள் ஓடும், மூன்றாம் நாள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். வைக்கோல் பொம்மையின் தலையைப் பிடுங்கி விளையாடும்.

"ஒரே தாளத்துல தட்டினா அதுக்குப் பழகிரும்லே" என்றாள் என்னிடம். "எப்பத் தட்டும்னு தெரியக்கூடாது. வாய்க்கா தண்ணி இருக்குல்லா, மலையில மழை பெஞ்சா ஓடும், விட்டா நடக்கும். அதக் கொண்டு தட்ட வைக்கப் போறேன்."

"எத அத்தை?"

"ஒரு குரங்கை. அவனுவள விடப் பெரிய குரங்கு. நம்ம குரங்கு."

அடுத்த ஆனி பிறப்பதற்குள் செய்து முடித்துவிட வேண்டும் என்று நின்றாள். சாமான் சேர்ப்பது என் வேலை. எண்ணுவதும் என் வேலை, அதை யாரும் சொல்லவில்லை. மாமாவின் சைக்கிள் சக்கரத்து நடுக்குடத்தில் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி எட்டு இதழ் பொருத்தினாள். தண்ணீர் இதழைத் தள்ளும், சக்கரம் சுற்றும், வளைந்த கம்பியொன்று இரண்டு கையையும் தூக்கி விடும். கைக்கு ஒரு மூடி. சுற்றுக்கு ஒரு தட்டு. வயிற்றுக்கு ஓட்டைப் பித்தளைக் குடம். முழங்காலுக்குக் கதவுக் கீல். பல்லுக்கு, இலஞ்சியில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனி எறிந்த ஆர்மோனியக் கட்டை, ஊதுகிற தகடுகளோடு. காற்று அடித்தால் பல்லிலிருந்து ஓர் இழுவைச் சத்தம் வரும்.

தலைக்குத்தான் எதுவும் அமையவில்லை. கடைசியில் மேட்டுப் பங்களாவின் காவல்காரர் ஒரு பழைய சட்டியைக் கொண்டுவந்தார். வெள்ளைப் பீங்கான் பூசிய இரும்பு, ஒரே ஒரு காதுப்பிடி. காட்டிவிட்டு உடனே பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வேண்டாம் தாயி. காட்டிருக்கவே கூடாது. இது துரை கட்டிலுக்கு அடியில வைக்கது."

"ஓட்டை இருக்கா?"

"ஓட்டை இல்ல தாயி. ஆனா..."

"பெறகென்ன? அருவித் தண்ணில மூணு மட்டம் கழுவினா தீந்துது."

கவிழ்த்து வைத்து, காதுப்பிடியை முன்னால் திருப்பியதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிடி அப்படியே மூக்கு. தபால்காரர் கோட்டுப் பித்தளைப் பொத்தான் இரண்டு கண். ஹோட்டல் கரண்டி இரண்டு காது. குரங்கு எங்களைப் பார்த்து, இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று கேட்கிற மாதிரி இருந்தது. மொத்தம் ஐம்பத்திரண்டு உருப்படி. ஆணியும் கம்பியும் சேர்க்காமல்.

சீசன் பிறந்தது. மதுரையிலிருந்து ஓர் அம்மாள் குடும்பத்தோடு வந்து இரண்டு அறை எடுத்தாள். வந்த அன்றே குரங்குகள் அவளுடைய முறுக்கு டின்னைக் காலிபண்ணின. மறுநாள் அத்தை குரங்கை வாய்க்கால் ஓரத்தில் நிறுத்திச் சக்கரத்தைத் தண்ணீரில் இறக்கினாள். டங். சற்றுப் பொறுத்து, டங். மலையில் மழை பிடித்ததும் டங் டங் டங். ஓட்டின் மேலிருந்த பதினான்கு குரங்கும் புளியமரத்துக்குத் தாவின. மறுநாள் அங்கேயும் இல்லை.

அத்தை சிரித்தாள். சத்தம் போட்டு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

மதுரை அம்மாள் வாய்க்கால் பக்கம் வந்து குரங்கை ஏற இறங்கப் பார்த்தாள். வீங்கிய கன்னம், நீண்ட வால். வால் சைக்கிள் செயின். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்னங்க இது! குரங்கெல்லாம் அவரைப் பாத்து மரியாதையா ஒதுங்கிப் போயிருச்சே. சாட்சாத் ஆஞ்சநேயருங்க."

"ஆஞ்சநேயர் இல்லம்மா. சும்மா குரங்கு. நான்தான் செஞ்சேன்" என்றாள் அத்தை.

"நீங்க செஞ்சீங்களா, அவர் செய்ய வச்சாரா?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாள் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள்.

நம் ஊர்க்காரர்களை உங்களுக்குத் தெரியும். ஒரு பொட்டு போதும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்தோடு எங்கள் கொல்லையில் வந்து நின்றார்கள். தெருமுனைப் பிள்ளையார் கோவில் பூசாரி மணியும் தட்டுமாக வந்தார். சனிக்கிழமை வந்ததும் செந்தூரம் அப்பி, வெண்ணெய்க் காப்பு சாத்தி, வடைமாலை போட்டார்கள். நூற்றெட்டு என்று சொல்லிக் கட்டிய மாலை. நான் எண்ணினேன், நூற்று மூன்றுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்த அப்பா அசந்துபோனார். ஊரில் பெரிய மனுஷர்கள் எல்லாம் எங்கள் கொல்லையில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அத்தையைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்:

"ஏட்டி, இனி நீ அதுகிட்டப் போவாத. தொடாத. நாலு பேர் வர்ற எடம்."

"எண்ணெய் போடணும் அண்ணே. அச்சு காஞ்சிரும்."

"அதெல்லாம் பூசாரி பாத்துக்கிடுவாரு."

பூசாரி வெண்ணெயைத்தான் பார்த்துக்கொண்டார். செந்தூரமும் வெண்ணெயும் வழிந்து அச்சில் இறங்கிப் பிசின் மாதிரி பிடித்துக்கொண்டன. டங் என்பது டொக் ஆயிற்று. பிறகு அதுவும் நின்றது. தண்ணீர் சக்கரத்தை முட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போயிற்று. "சாமி சாந்தமாயிட்டாரு" என்றார் பூசாரி. அத்தை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். 

அடுத்த சனிக்கிழமை வடைமாலை வாசத்துக்குக் குரங்குகள் திரும்பி வந்தன. முதலில் ஒரு பெண்குரங்கு, குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு இறங்கி, எங்கள் குரங்கின் மடியில் வசதியாக உட்கார்ந்து, மாலையிலிருந்து ஒவ்வொரு வடையாகப் பிய்த்துத் தின்றது. பிறகு கூட்டம் முழுவதும். வடை தீர்ந்ததும் சமையலறைக்குள் புகுந்தன. மதுரை அம்மாளின் மருமகளை ஒன்று பிறாண்டிவிட்டது.

நியாயமாக யாருக்கும் என்ன தோன்ற வேண்டும்? பூசாரிக்கு வேறு தோன்றியது.

"தீட்டு அண்ணாச்சி. உங்க தங்கச்சி கை பட்ட எடம். சுத்தி பண்ணி, பீடம் கட்டி, கையைக் கூப்பின மாதிரி வச்சுக் காரை பூசிட்டா எல்லாம் சரியாப் போவும். அந்த அம்மா கொஞ்ச நாளைக்கு இங்கன இருக்க வேண்டாம்."

அப்பா தலையாட்டினார். மறுநாளே கொத்தனார் வருவதாக ஏற்பாடு. அத்தைக்குத் தென்காசி வண்டி.

ஞாயிற்றுக்கிழமை காலை கொத்தனார் சுண்ணாம்பும் மணலும் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தார். கொல்லையில் இருபத்து மூன்று பேர். குழந்தைகளைச் சேர்க்கவில்லை. பூசாரி மணியடிக்கக் கையைத் தூக்கினார். அடுக்களைக் கதவு திறந்தது. அத்தை அருவியில் குளித்த ஈரத்தோடு, கையில் குறடோடு வந்தாள்.

"ஏம்மா, அங்கனயே நில்லு. கிட்ட வராத" என்றார் பூசாரி.

"நிக்கேன். ஒண்ணே ஒண்ணு. காரை பூசிட்டா உள்ள என்ன இருக்குன்னு பெறகு யாருக்கும் தெரியாது. கும்பிடுதவங்க தெரிஞ்சுக்கிட்டுக் கும்பிட்டா நல்லதுல்லா?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏலே, மொத்தம் எத்தனை?"

"அம்பத்திரெண்டு அத்தை."

"சொல்லு. வால்லயிருந்து ஆரம்பி. தலையைக் கடைசில சொல்லு."

பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் ஆரம்பித்தேன். "ஒண்ணு, வால், மாமா கடைச் சைக்கிள் செயின். ரெண்டு, வால் நுனி, எங்க வீட்டுத் தொழுவத்து நாதாங்கி. மூணு, நாலு, பாதம், தேஞ்ச இஸ்திரிப் பெட்டி மூடி, ரெண்டாப் பொளந்தது..."

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இருபதாவது உருப்படி கையிலிருந்த மூடி. காபி கிளப்காரர் முன்னால் வந்து உற்றுப் பார்த்தார்.

"அடப் பாவி, என் இட்லிக் கொப்பரை மூடி! ஆறு மாசமாத் தேடுதேன் வேய்!"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இரண்டு மூன்று இடத்தில் தொற்றியது.

"போதும்லே" என்றார் அப்பா.

நான் அத்தையைப் பார்த்தேன். "சொல்லுலே" என்றாள். குரல் உயரவில்லை. 

சொன்னேன். பல், நாடகக் கம்பெனி ஆர்மோனியம். கண், தபால்காரர் பொத்தான். "அம்பது, அம்பத்தொண்ணு, புருவம், போன மாசி செத்துப்போன மயிலைக் காளையோட லாடம்." பூசாரி அரையடி பின்னால் நகர்ந்தார்.

"அம்பத்திரெண்டு, தலை. துரை பங்களாச் சட்டி."

"என்ன சட்டி?" என்றார் பூசாரி.

எனக்கு அந்த வார்த்தையைப் பெரியவர்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது. கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து பங்களாக் காவல்காரர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"ராத்திரிச் சட்டி சாமி. துரை கட்டிலுக்கு அடியில இருக்கும். விடிஞ்சா நான்தான் கொண்டுபோய் ஊத்துவேன். காதுப்பிடிக்குக் கீழ ஒரு நெளிசல் இருக்கும் பாருங்க, அது நான் கீழ போட்டது."

எல்லாரும் மூக்குக்குக் கீழே பார்த்தார்கள். நெளிசல் இருந்தது.

மதுரை அம்மாள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். வெண்ணெய் சாத்திய கை. நேரே அருவிப் பக்கம் நடந்தாள். பூசாரி தட்டை எடுத்தார், மணியை எடுத்தார், தேங்காயையும் மறக்காமல் எடுத்தார்.

"சாமி அங்கன கோவில்ல இருக்காரு, மலையிலயும் இருக்காரு" என்றாள் அத்தை. "நானும் தெனம் கும்பிடுதேன். இது என் குரங்கு."

கொத்தனாருக்குத்தான் தர்மசங்கடம். "அப்பம் இந்தக் காரையை என்ன செய்ய?"

"வாய்க்கா கரை பெயர்ந்து கெடக்கு. அங்கன பூசு."

கூட்டம் கலைவதற்கு முன்பே அவள் உட்கார்ந்துவிட்டாள். சாம்பலும் வெந்நீரும் போட்டுச் செந்தூரத்தைச் சுரண்டினாள். அச்சைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டாள். சக்கரத்தைத் தண்ணீரில் இறக்கியதும் அது ஒரு முறை தயங்கி, பிறகு சுற்றியது. டங். ஓட்டின் மேல் மிச்ச வடைக்குக் காத்திருந்த குரங்குகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு புளியமரத்துக்குப் பாய்ந்தன. தென்காசி வண்டிக்காரன் வாசலில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுக் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

மதுரை அம்மாள் மறுநாள் கிளம்பிவிட்டாள். ஆனால் அடுத்த ஆனியில் அவளே முதல் ஆளாக வந்தாள். வண்டியிலிருந்து இறங்கியதும் கொல்லையை எட்டிப் பார்த்து, "அது தட்டுதில்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் சாமானை இறக்கச் சொன்னாள். ஏழு சீசன் அந்தக் குரங்கு தட்டியது. ஏழு சீசனும் அத்தை அங்கே இருந்தாள். பிறகு ஒரு வருஷம் அருவி பெருகி வாய்க்கால் கரையோடு குரங்கையும் அடித்துக்கொண்டு போனபோது, கீழே வயல்களில் தேடிப் பதினேழு உருப்படிதான் கண்டுபிடித்தேன். அவையும் வீடு மாறியதில் போயின. பாக்குவெட்டி முதலை மட்டும் என் மேஜை மேல் இருக்கிறது. வாலை அழுத்தினால் இப்போதும் வாயைத் திறக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம். அப்பா பகல் முழுவதும் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று கொதிக்கிறார் என்றே நான் நினைத்தேன். சாரல் விட்டு வெயில் லேசாக அடித்த நேரம், கொல்லைக்கு வந்தார். அத்தை ஒரு காதைக் கழற்றி அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள்.

"கிறுக்கின்னு ஊரு சொல்லுததுக்குப் பதிலா, சாமி செஞ்சவன்னு சொல்லட்டுமேன்னு பாத்தேன்" என்றார்.

"தெரியும் அண்ணே" என்றாள் அத்தை. "கிறுக்கியாவே இருந்துட்டுப் போறேன். தொடவாவது விடுவாங்கல்லா."

 அப்பா சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து அவள் ஆயுதப் பையின் பக்கத்தில் வைத்தார். அவருடைய பழைய மூக்குக்கண்ணாடியின் பித்தளைச் சட்டம். ஒரு பக்கம் ஒடிந்தது.

அத்தை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, குரங்கின் முகத்தில் வைத்துப் பார்த்தாள். குரங்கு கச்சேரிக் குமாஸ்தா மாதிரியே ஆகிவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"மூஞ்சிக்கு வேண்டாம் அண்ணே. ஊரு ஆளை அடையாளம் கண்டுபிடிச்சிரும்" என்றாள். "வாலு நுனியில மாட்டுதேன்."

மாட்டினாள். அப்பா அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, அது சரியாக நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

ஐம்பத்து மூன்று.